எங்கள் பிள்ளைகளுக்கு ஜார்ஜ் டவுனைத் திறந்து காட்டியவர்களுக்கு

குயின் ஸ்திரீட், பினாங் ஸ்திரீட், சூலியா ஸ்திரீட் உறவுகளுக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை, கடலுக்கு இந்தப் பக்கம் பெருநிலத்தில் இருக்கும் செபராங் பிறையிலிருந்து 34 தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் உங்கள் தெருக்களில் நடந்தவர்கள் நாங்கள்தான். வெயிலில் தொடங்கி மழையில் முடிந்த அந்த அரை நாளில் எங்களுக்காகக் கதவு திறந்தவர்கள் எத்தனை பேர் என்று வீட்டுக்கு வந்து எண்ணினேன். விரல் போதவில்லை. ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சொல்லத்தான் ஆசை. பள்ளி விடுமுறை முடிவதற்குள் அது முடியாது போலிருக்கிறது. அதனால் முதலில் இந்த மடல்.

பெற்றோரிடமிருந்து தொடங்குகிறேன். முன்பணம் வாங்கிய பேருந்து அன்று காலை வரவில்லை. போனை எடுக்கவும் ஆளில்லை. பள்ளி வாசலில் 34 பிள்ளைகள் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலுமாக நிற்கிறார்கள். என்ன செய்வது என்று நான் திகைத்து நிற்கும்போதே மூன்று அப்பாக்களும் ஒரு பாட்டியும் கார் சாவியை எடுத்துவிட்டார்கள். இரண்டிரண்டு நடையாகப் பட்டர்வொர்த் படகுத்துறைக்குப் பிள்ளைகளைக் கொண்டு சேர்த்தது அவர்கள்தான். அந்தப் பாட்டிக்கு வயது 68. அவருடைய காரில் ஏறிய பிள்ளைகள் வழியெல்லாம் அவரிடமே கப்பல் கதை கேட்டுக்கொண்டு வந்தார்களாம். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து அவருடைய அம்மா வந்திறங்கிய கதை. நான் சொல்ல வைத்திருந்த முன்னுரையைவிட அதுதான் நல்ல முன்னுரை.

ஃபெரியில் கடலைத் தாண்டினோம். தீவுக்கும் கரைக்கும் இடையே இந்தப் படகுப் போக்குவரத்து 1894இல் தொடங்கியது என்று சொன்னேன். அந்த ஆண்டை ஒரு மாணவி கையில் எழுதி வைத்துக்கொண்டாள். அது பின்னால் வருகிறது.

பீச் ஸ்திரீட்டில் நின்றபோது ஒரு பையன், "டீச்சர், பீச் எங்கே?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள், ஓரமாகத் தம் சைக்கிள் ரிக்ஷாவான திரிஷாவை நிறுத்தி இளைப்பாறிக்கொண்டிருந்த பெரியவர், "கடல் இங்கதான் இருந்துச்சு தம்பி, நீ நிக்கிற எடத்துக்குப் பக்கத்துலயே" என்றார். உண்மைதான். 1880களில் கடலைத் தூர்த்து வெல்ட் கீ கரையை உண்டாக்கும் வரைக்கும் இந்தத் தெருவின் பின்புறம் அலையடித்தது. அவர் எழுந்து வந்து, பழைய கரை எப்படிப் போயிருக்கும் என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினார். பிள்ளைகள் அவர் விரலைத் தொடர்ந்து நடந்தார்கள். பெரியவரே, உங்கள் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன். அது என் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கடைத்தெரு வழியாக மகாமாரியம்மன் கோவிலுக்கு வந்தோம். 1833இல் எழுந்த கோவில் இது, பினாங்கில் இருக்கும் இந்துக் கோவில்களிலேயே பழமையானது. அர்ச்சனைக் கூட்டம் இருந்தும் குருக்கள் ஐயா எங்களுக்காகக் கால்மணி நேரம் ஒதுக்கினார். கோவிலின் முகம் ஏன் குயின் ஸ்திரீட்டைப் பார்க்கிறது, முதுகு ஏன் பெரிய சாலையைப் பார்க்கிறது என்று அவரே ஒரு கேள்வியைப் போட்டார். பிள்ளைகள் சூரியனைத் தேடிக் கண்டுபிடித்துக் "கிழக்கு!" என்று கத்தினார்கள். கிழக்கே துறைமுகம். விடிவதற்கு முன் தொங்கான் என்ற சரக்குப் படகில் மூட்டை இறக்கப் போனவர்கள் இந்த வாசலில் கும்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். அப்படிப் போனவர்களில் என் அப்பாவும் ஒருவர்.

இதை நான் எங்கேயும் எழுதியதில்லை. நான் பிறந்தது குயின் ஸ்திரீட்டில் ஒரு மாடி அறையில். கீழே மளிகை, மேலே நாங்கள் மூன்று குடும்பம். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை எங்களைப் போன்றவர்கள் நகரத்தின் நடுவில் குடியிருக்க முடிந்தது. 1966ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தை 1997இல் நீக்க முடிவெடுத்து, 2000 தொடக்கத்திலிருந்து வாடகையை அவிழ்த்துவிட்டார்கள். எங்கள் வீட்டு வாடகையும் ஏறியது. அறையைக் காலி செய்துகொண்டு கடலைத் தாண்டிப் போனோம். எட்டே ஆண்டில், 2008 ஜூலை 7 அன்று, மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தளமானது. கட்டடம் காப்பாற்றப்பட்டதில் எனக்கு மனமார்ந்த மகிழ்ச்சி. ஆனால் அதற்குள் குடியிருந்தவர்கள் பாதிப்பேர் போய்விட்டார்கள். பிள்ளைகளை இங்கே நடத்திக் கூட்டி வரவேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றதற்குக் காரணமே இதுதான். யார் இருந்தார்கள் என்று சுவர் தானாகச் சொல்லாது, யாராவது நின்று சொல்ல வேண்டும்.

அந்த மாடியில் இப்போது சிறிய காப்பிக்கடை நடத்துகிற சீனத் தங்கைக்கு இந்த இடத்தில் நன்றி சொல்ல வேண்டும். முன்பின் தெரியாத என்னிடம், "ஆன்ட்டி, மேலே போய்ப் பாருங்கள்" என்று மலாயில் சொன்னார். ஒரே நேரத்தில் பத்துப் பத்துப் பிள்ளைகளாக மரப்படியில் ஏற்றினார். நடு முற்றத்தின் மேலே திறந்த வானம் அப்படியே இருக்கிறது. மழைத் தண்ணீர் விழும் அந்த முற்றத்தில்தான் அம்மா அரிசி களைவார். எங்கள் அறையின் சன்னலோரத்தையும் அந்தத் தங்கை மாற்றாமல் வைத்திருக்கிறார். எங்களிடம் ஒரு வெள்ளியும் வாங்கவில்லை. பிள்ளைகளுக்கு எலுமிச்சைத் தண்ணீர் வேறு கொடுத்தார்.

பினாங் ஸ்திரீட்டில் செட்டியார்களின் கோவில் வீடு. அங்கிருந்த ஐயா பிள்ளைகளைத் தரையில் சம்மணம் போட்டு உட்காரச் சொல்லி, தாமும் உட்கார்ந்து, கிட்டங்கி என்ற பழைய வட்டிக்கடையில் கணக்குப்பிள்ளை கைப்பெட்டிக்கு முன்னால் எப்படி உட்கார்ந்து எழுதுவார் என்று நடித்துக் காட்டினார். நாற்காலி, மேசை இல்லாமலேயே பெரிய பெரிய கடன் கணக்கெல்லாம் நடந்தது என்றதும் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அப்புறம் வெள்ளி ரதத்தின் கதை. காரைக்குடியில் செய்து, கப்பலில் ஏற்றி, 1894இல் இங்கே கொண்டுவந்தது. தைப்பூசத்துக்கு முதல் நாள் முருகன் இந்த வாசலிலிருந்து அதில் ஏறித்தான் தண்ணீர்மலைக் கோவிலுக்குப் போகிறார். ஐயா ஆண்டைச் சொன்னவுடன் பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. "டீச்சர், ஃபெரியும் 1894!" கையில் எழுதி வைத்திருந்த அந்த மாணவிதான். ஐயா சிரித்துக்கொண்டே அவளைக் கூப்பிட்டுத் தம் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அவள் அன்றிலிருந்து நடப்பதே வேறு நடையாக இருக்கிறது.

சூலியா ஸ்திரீட் என்றால் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களின் தெரு. 1790களின் இறுதியில் வரைந்த நகர வரைபடத்தில் இதற்கு மலபார் ஸ்திரீட் என்று பெயர். கிங் ஸ்திரீட் முனையில் இருக்கும் நாகூர் தர்கா சின்னக் கட்டடம்தான். சுவரோடு ஒட்டிய கடைகளுக்கு நடுவில் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவோம். நாகூரில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக 1800களின் தொடக்கத்தில் எழுப்பியது. கடலில் போகிறவர்கள் நேர்ந்துகொள்ளும் இடம். எங்கள் பாட்டி ரஜூலாக் கதையில் சொன்ன நாகப்பட்டினத்துக்குப் பக்கத்து ஊர்தான் நாகூர் என்று பிள்ளைகளே சேர்த்துப் புரிந்துகொண்டார்கள். வாசலில் பெண் பிள்ளைகளுக்குத் துப்பட்டா எடுத்துக் கொடுத்த அம்மாவுக்கும், காலணிகளைப் பார்த்துக்கொண்ட தம்பிக்கும் நன்றி.

கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

உள்ளே நுழைந்ததும் ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன், தயங்கித் தயங்கி, "கிளிங் என்ற சொல்லைச் சொல்லித்தான் என்னைச் சிலர் கேலி பண்ணுகிறார்கள். பள்ளிவாசலுக்கு ஏன் அந்தப் பெயர்?" என்று கேட்டான். எனக்கு ஒரு கணம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. பள்ளிவாசல் பெரியவர் அவன் தோளில் கைவைத்து, திண்ணை ஓரமாக எல்லோரையும் உட்காரச் சொன்னார். அந்தக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களை மலாய்க்காரர்கள் அப்படித்தான் அழைத்தார்கள், கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்ததாகப் பொதுவாகச் சொல்வார்கள், அதில் அன்று இழிவு இல்லை என்று விளக்கினார். கப்பித்தான் என்றால் அந்தச் சமூகத்தின் தலைவர். காதர் மைதீன் என்ற தமிழ் முஸ்லிம் வணிகர் அப்படித் தலைவராக இருந்து, 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த 18 ஏக்கர் நிலத்தில் இந்தப் பள்ளிவாசலுக்கு அடித்தளம் இட்டார். இன்று நாம் பார்க்கும் குமிழ்க் கூரையும் மினாராவும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தோற்றம். இதையெல்லாம் சொல்லிவிட்டு அவர், "பேரு நம்ம மூத்தவரோட மரியாதைக்கு வச்சது. ஆனா இப்ப யாராவது உன்னை நோகடிக்க அதைச் சொன்னா, அது தப்புதான். ரெண்டும் நெசம்" என்றார். 

பாய், நான் 31 ஆண்டு வகுப்பறையில் நின்றவள். ஒரு பிள்ளையின் காயத்தைத் தொடாமலும் வரலாற்றை மறைக்காமலும் இவ்வளவு நேராக ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. அந்தப் பையனின் அம்மா மறுநாள் எனக்குப் போன் செய்தார். உங்களிடம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

அங்கிருந்து பெரிய சாலையில் வரிசையாகச் சீனர்களின் குவான் யின் கோவில், பிறகு செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். தேவாலயம் 1818இல் கட்டியது. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்திக் கொண்டுவரப்பட்ட கைதிகள். வடிவமைத்த ராபர்ட் ஸ்மித்தின் பெயரைச் சொன்னார்கள். கட்டிய கைகளுக்குச் சொந்தக்காரர்களின் பெயரைப் பிள்ளைகள் கேட்டார்கள். வழிகாட்டிய அக்கா பூசி மெழுகாமல், "இங்கே எழுதி வைக்கவில்லை" என்றார். அந்த நேர்மைக்காக அவருக்குத் தனியாக நன்றி. பிள்ளைகள் வெள்ளைத் தூண்களைத் தடவிப் பார்த்துவிட்டுப் பேசாமல் நடந்தார்கள்.

கொத்தனார் ஐயாவை விட்டுவிடுவேனா? பழைய கடைவீடு ஒன்றைப் பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஐந்தடி என்று நாங்கள் சொல்லும் கடைமுன் நடைபாதையில் நின்று எட்டிப் பார்த்த பிள்ளைகளைத் துரத்தாமல் உள்ளே கூப்பிட்டவர் அவர். நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பைத் தொட்டியில் காட்டினார். வெண்ணெய் மாதிரி இருந்தது. கையுறை போட்டுத்தான் தொடவிட்டார். அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் இதோடு கடுக்காய்த் தண்ணீர், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்ப்பார்கள் என்றதும், "சுவர் சாப்பிடுமா?" என்று ஒரு வாண்டு கேட்டது. அப்புறம் பக்கத்து வீட்டுச் சுவரைக் காட்டினார். யாரோ அவசரத்துக்குச் சிமெண்டு பூசியிருக்கிறார்கள். பூச்சு உப்பி, உவர் பூத்து, உள்ளே செங்கல் மாவாக உதிர்கிறது. "சுவருக்கும் வேர்க்கும்மா. தரையிலேருந்து ஈரம் ஏறும். சுண்ணாம்புன்னா அந்த ஈரத்தை வெளியில விட்டுடும். சிமெண்டு வாயை மூடிடும். ஈரம் போக வழியில்லாம உப்பு செங்கல்லைத் தின்னுடும்." கட்டட மரபைப் பற்றி நான் படித்த பக்கங்கள் எல்லாம் இந்த நான்கைந்து வரிக்குள் அடங்கிப்போயின. சிமெண்டு விலை குறைவு, சீக்கிரம் காயும் என்று அதைப் பூசுகிற வீட்டுக்காரர்கள் ஒருமுறை இவர் பேச்சைக் கேட்டால் போதும். கோபத்தோடுதான் சொல்கிறேன், இன்னும் எத்தனை சுவர்கள் இப்படி உதிரப் போகின்றனவோ.

கோட்டைக்கு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. கார்ன்வாலிஸ் கோட்டையை அன்று வெளியிலிருந்துதான் பார்க்க முடிந்தது. மணிக்கூண்டின் அடியில் ஒதுங்கினோம். விக்டோரியா மகாராணியின் அறுபதாம் ஆண்டு ஆட்சி நிறைவுக்காக, ஆண்டுக்கு ஓர் அடி வீதம் 60 அடி உயரம். மாரியம்மன் கோவில் கோபுரம் 23.5 அடி என்று காலையில் குறித்துக்கொண்டவர்கள், மணிக்கூண்டுக்குள் எத்தனை கோபுரம் அடங்கும் என்று நனைந்துகொண்டே கணக்குப் போட்டார்கள்.

கடைத்தெருத் துணிக்கடை அண்ணன் வானத்தைப் பார்த்து முன்னமே கொடுத்தனுப்பிய 12 குடைகள்தான் பிள்ளைகளைப் படகுத்துறை வரை கொண்டுபோய்ச் சேர்த்தன. ஒரு குடைக்குள் மூன்று பேர். அண்ணா, 11 குடைகளைத் துடைத்துக் காயவைத்து, கோவில் வாசலில் பூக்கட்டும் அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். மரப்பிடி வைத்த கருப்புக் குடை ஒன்று மட்டும் யாரோ ஒரு பிள்ளையின் வீட்டில் இருக்கிறது. இந்த மடலைப் படிக்கும் பெற்றோர் யாரிடமாவது அது இருந்தால், அடுத்த முறை தீவுக்குப் போகும்போது பூக்கார அக்காவிடம் சேர்த்துவிடுங்கள். எதற்கு என்று அவருக்குத் தெரியும்.

அன்புடன்,
குயின் ஸ்திரீட் மாடியில் பிறந்த ஓய்வு பெற்ற ஆசிரியை