கால் அரிப்பைப் பற்றி சரோஜாவுக்கு

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் கோவையிலேயே கல்லூரியில் இடம் கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். இவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுபடியும் பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறார்.

குன்னூர்க் குளிர் ஆரம்பித்ததிலிருந்து ராத்திரி கால் அரிப்பு தாங்கவில்லை, கெட்ட ரத்தமாக இருக்குமோ என்று எழுதியிருந்தாய். அப்படிப் பயப்படாதே. போன வருஷம் எங்கள் அத்தைக்கும் இதேதான். முழங்காலுக்குக் கீழே நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழும். உள்பாவாடை முழுக்கப் பொடிப்பொடியாகச் செதில். சொரிந்து சொரிந்து ரத்தமே வந்துவிட்டது. தோல் டாக்டர் பார்த்துவிட்டு, வயதான தோலின் வறட்சிதான் என்றார்.

அப்புறம் அதைப் பற்றி நிறையப் படித்தேன். இத்தனை வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவளுக்கு அது அவ்வளவு பிடித்துப்போனது. தோலின் ஆக மேலே செத்த செல்கள் 15, 20 அடுக்காக இருக்கின்றன. அவை செங்கல் என்றால், நடுவே இருக்கும் செராமைடு என்ற கொழுப்பு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் எல்லாம் சாந்து. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமல் காப்பது அந்தச் சாந்துதான். வயதாக ஆக அது குறைகிறது. நம் மாதிரிப் பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு தோலில் சுரக்கும் எண்ணெயும் குறைந்துவிடுகிறது.

ஆனால் ஒன்று சொல்கிறேன் கேள். சும்மா இருக்கும்போது வயதானவர் தோலிலிருந்து இளசுகளைவிட அதிக நீர் போவதில்லை. வித்தியாசம் தெரிவது அடிபட்ட பிறகுதான். சான் பிரான்சிஸ்கோவில் செய்து 1995இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒட்டும் டேப்பை ஒட்டி ஒட்டி உரித்துப் பார்த்திருக்கிறார்கள். 20 முதல் 30 வயதுக்காரர்களின் தோல் சுமார் 31 தடவை தாங்கியது. 80 தாண்டியவர்களுக்கு 18 தடவையே போதும், காப்பு உடைந்துவிட்டது. ஒரு நாள் கழித்துப் பார்த்தால் இளையவர்களுக்குப் பாதி சரியாகியிருந்தது. பெரியவர்களுக்கு வெறும் 15 சதவீதம். நேற்றுப் பட்ட சேதம் ஆறுவதற்குள் இன்றைய குளியல் வந்துவிடுகிறது. அத்தையின் காலைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது இந்த ஒரு விஷயம்தான்.

நீ கொதிக்கக் கொதிக்க வெந்நீரில், சோப்பும் நாரும் போட்டுத் தேய்ப்பவள். சோப்பின் பிஎச், அதாவது அமில-காரத்தன்மையின் அளவு, 9, 10 இருக்கும்; அது காரம். தோலுக்கு வேண்டியது 5ஐ ஒட்டிய லேசான அமிலத்தன்மை. செராமைடைத் தயாரிக்கும் நொதிகள் அதில்தான் நன்றாக வேலை செய்யும். வயதாகும்போது அந்த அமிலத்தன்மையே கொஞ்சம் குறைகிறது, அதன்மேல் சோப்பு வேறு எதற்கு? அக்குள், தொடையிடுக்கு, பாதம் தவிர வேறெங்கும் சோப்பு வேண்டாம். காலைத் தேய்க்கும் நாரை இன்றே தூக்கிப் போடு. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். கடலைமாவு, பயத்தமாவு தேய்த்தாலும் எண்ணெய் போய்விடும்.

நாம் எண்ணெய் தேய்த்துவிட்டுத்தான் குளிப்போம், சீயக்காய் போட்டு அதையும் எடுத்துவிடுவோம். அதை மாற்று. குளித்துத் துண்டால் ஒற்றிய கையோடு, ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசனை இல்லாத கிரீமோ தடவு. வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய் உதவுகிறது என்று பிலிப்பைன்ஸில் 2004இல் ஆராய்ந்தே சொல்லியிருக்கிறார்கள். வெடிப்புக்கு வாசலின்தான் நல்லது. யூரியா கலந்த கிரீமும் நல்லதுதான், ஆனால் புண் இருந்தால் எரியும். உள்ளங்காலில் தடவிவிட்டு மட்டும் நடக்காதே சரோஜா, வழுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். ராத்திரி படுக்கும்முன் இன்னொரு தடவை தடவிக்கொள்.

அத்தைக்கு இரண்டு மூன்று வாரத்தில் தூக்கம் திரும்பியது.

இவ்வளவும் செய்தும் அரிப்பு அடங்காவிட்டாலோ உடம்பு முழுக்கப் பரவினாலோ, சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு எல்லாம் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். வீட்டில் மற்றவர்களும் சொரிகிறார்களா என்றும் கவனி, சிரங்காக இருந்தால் வைத்தியமே வேறு. நீ சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் டாக்டரிடம் காட்டு. நீர் பிரிவதற்குக் கொடுக்கும் சில மாத்திரைகளாலும் தோல் வறளும்.

தை பிறந்ததும் நாங்கள் இருவரும் குன்னூர் வருகிறோம். அதுவரை காத்திருக்காமல், கால் எப்படி இருக்கிறது என்று பத்து நாளில் ஒரு வரி எழுது.

அன்புடன்,
ராஜி