‘நைனர்’ என்ற சொல்லுக்காக ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஊர் மக்களுக்கும், என்னிடம் பேஸ்பால் பயின்ற மாணவர்களுக்கும் வணக்கம்.

வலக்கை இன்னும் பேனாவைப் பிடிக்காததால், இம்மடலை இடக்கையால் சிறிது சிறிதாக நான்கு நாட்களாக எழுதி வருகிறேன். ஜனவரியில் பக்கவாதம் தாக்கி என் பேச்சு போனதை நான் விவரிக்க வேண்டியதில்லை. உங்களில் பலர் அன்றிரவு என் வீட்டு வாசலில் பனியில் நின்றவர்கள். இன்று என்னால் பேச முடிகிறது. அது யாரால் முடிந்தது என்பதை நான் சொல்லாவிட்டால் வேறு எவரும் சொல்லப் போவதில்லை.

ஆம்புலன்ஸில் வந்த தன்னார்வலர்களுக்கும், பாங்கோர் நகரில் எனக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், குளிர்காலம் முழுவதும் என் வாசலில் பனியை அள்ளி விறகை அடுக்கிச் சென்றவர்களுக்கும், என் செலவுக்காகப் பீன்ஸ் விருந்து நடத்தியவர்களுக்கும், தொலைவிலிருந்து வண்டி ஓட்டி வந்து கட்டிலருகே பேச்சின்றி அமர்ந்திருந்த பழைய ஆட்டக்காரர்களுக்கும், எதிரணிப் பயிற்சியாளர்களாக இருந்தும் கடிதம் எழுதியவர்களுக்கும் என் நன்றி. ஒவ்வொருவரையும் தேடி வந்து நேரில் சொல்லவே விரும்புகிறேன்.

நான் அதிகம் சொல்ல வேண்டியது எங்கள் அணியின் சீருடைகளை இருபத்திரண்டு ஆண்டுகள் துவைத்துத் தந்த அம்மையாரைப் பற்றி. தம் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. அத்தனை ஆண்டுகளில் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் புல்கறை, கிழிந்த முழங்கால், தொலைந்த பொத்தான் ஆகியவற்றைப் பற்றி மட்டுமே. நான் ஓய்வுபெற்று என் அறையைக் காலி செய்தபோது, வேண்டாதவை என்று வெளியே வைக்கப்பட்டிருந்த பெட்டிகளை அவர் தம் வீட்டுக்கு எடுத்துச் சென்றிருக்கிறார். அவற்றில் இருந்தவை, ஆட்டங்களைக் கட்டம் கட்டமாகக் குறித்து வைத்த என் ஸ்கோர் புத்தகங்கள். பிப்ரவரி மாதத்தில் ஒரு மாலை, அவற்றில் ஒன்றைக் கையில் ஏந்தியபடி அவர் என் மருத்துவமனை அறைக்குள் வந்தார். அதன் பிறகு தினமும் வேலை முடிந்ததும் வந்து, ஒரு மணி நேரம் எனக்கு அதை வாசித்தார்.

ஸ்கோர் புத்தகத்தைப் பார்த்தறியாதவர்களுக்காக ஒரு சொல். களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் ஒன்பது எண்கள் உண்டு: பந்து எறிபவர் 1, அவர் எறிவதைப் பிடிப்பவர் 2, முதல் பேஸில் நிற்பவர் 3 என்று தொடங்கி, வலப்புற வெளிக்களத்தில் நிற்பவர் 9 வரை. 6-4-3 என்று எழுதியிருந்தால், இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பிடமிருந்து இரண்டாம் பேஸுக்கும் அங்கிருந்து முதல் பேஸுக்கும் பந்து பறந்து, அடிக்கப்பட்ட ஒரே பந்தில் இருவர் வெளியேறினர் என்று பொருள். எஃப் 9 என்றால், உயர்ந்து வந்த பந்தை வலப்புறத்தவர் பிடித்தார் என்று பொருள். அம்மையாருக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. எண்களையும் எழுத்துகளையும் உள்ளபடியே, சமையல் குறிப்பைப் படிப்பவர்போல நிதானமாக ஒவ்வொன்றாகப் படித்தார். என் கண்கள் அகல்வதைக் கவனித்த பிறகு, அவற்றின் பொருளை அவராகவே நூலகத்திற்குச் சென்று கற்று வந்தார்.

பக்கவாதம் பேச்சைப் பறித்த பின்னும், எண்ணுவது, செபம், பாட்டு போன்று நாவில் பழகிப்போனவை சிலரிடம் எஞ்சி நிற்கும் என்று பேச்சுப் பயிற்சியாளர் பிற்பாடு விளக்கினார். அம்மையாருக்கு அதுவும் தெரியாது. பதினோராம் மாலையில் அவர் ‘எஃப், நைன்’ என்று படித்தார். என் வாய் திறந்து ‘நைனர்’ என்றது.

ஆறு வாரங்களுக்குப் பிறகு நான் பேசிய முதல் சொல் அது. அவர் தாம் தவறாகப் படித்துவிட்டதாக நினைத்து, ‘மன்னியுங்கள், கோச்’ என்று கூறி, அந்த வரியை மீண்டும் படித்தார். நான் மீண்டும் சொன்னேன். அவர் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு அழுதார்.

அது பேஸ்பால் சொல் அன்று. இராணுவ வானொலியில் ஒன்பதை அப்படித்தான் உச்சரிக்க வேண்டும்; இரைச்சலில் ‘நைன்’ என்பது ‘ஃபைவ்’ என்று கேட்டுவிடக் கூடும். 1968இலும் 1969இலும் வியட்நாமில் ஏறத்தாழ பத்துக் கிலோ எடையுள்ள பி.ஆர்.சி-25 வானொலியை முதுகில் சுமந்து நடந்தவன் நான். பீரங்கிக்கு இடம் குறிக்கும் ஆறு இலக்கங்களைச் சொல்வதும், எதிர்முனை திருப்பிச் சொல்வதைச் சரிபார்ப்பதும் என் வேலை. அந்த ஆறு இலக்கங்கள் நிலத்தில் நூறு மீட்டர்ச் சதுரத்தைத்தான் காட்டும். ஓர் இலக்கம் பிசகினால் குண்டு நம்மவர்மேல் விழும். ஸ்கோர் புத்தகத்தில் ஒரு கட்டம் தவறினாலும் நான் ஏன் அவ்வளவு சினந்தேன் என்று என்னிடம் ஆடியவர்கள் கேட்டதுண்டு. அந்த ஓராண்டைப் பற்றி நான் எவரிடமும் பேசியதில்லை. பேச்சே போன பிறகு, முதலில் திரும்பி வந்தது அந்த ஆண்டின் சொல்.

படுத்திருந்த நாட்களில் பேஸ்பால் பயிற்சியாளர் ஜான் விங்கினை அடிக்கடி நினைத்தேன். இரண்டாம் உலகப் போரில் ‘மெக்கால்’ என்ற நாசகாரிக் கப்பலில் பணியாற்றியவர்; கோல்பி கல்லூரியிலும், பின்னர் ஓரோனோவில் மேய்ன் பல்கலைக்கழகத்திலும் பயிற்சியாளராக இருந்தவர். ஏப்ரல் வரை களத்தில் பனி கிடக்கும் இந்த மாநிலத்திலிருந்து, உள்ளரங்கில் பயிற்றுவித்த பிள்ளைகளை 1976க்கும் 1986க்கும் இடையில் ஆறு முறை ஓமஹாவுக்கு, கல்லூரி பேஸ்பாலின் உச்சப் போட்டியான கல்லூரி உலகத் தொடருக்கு அழைத்துச் சென்றார். அவரது பயிற்சிகளைச் சுவரோரம் நின்று பார்த்தே என் தொழிலைக் கற்றேன். 2007 டிசம்பரில், எண்பத்தெட்டு வயதில், அவரையும் பக்கவாதம் தாக்கியது. அதுவரையிலும் அவர் ஹஸ்ஸன் கல்லூரியில் மாணவர்களோடு இருந்தார். செய்தி கேட்டும் நான் உடனே போய்ப் பார்க்கவில்லை. என்ன பேசுவது என்று தயங்கினேன். அந்த அறைக்கு ஒரு ஸ்கோர் புத்தகத்தை எடுத்துச் சென்றிருக்கலாம் என்று இப்போது வருந்துகிறேன்.

மே மாதக் கடைசித் திங்களன்று, நினைவு நாளில், போரிலிருந்து திரும்பாத நம் ஊராரின் பெயர்களை வாசிக்கும் பணியைப் பல ஆண்டுகளாக என்னிடம் கேட்டீர்கள். பல ஆண்டுகளாக மறுத்தேன். இவ்வாண்டு நானே வாசிக்கிறேன். சில பெயர்களில் நெடுநேரம் நின்றுவிடுவேன். எனக்காக வேறு எவரும் முடித்துவைக்க வேண்டாம்.

ஸ்கோர் புத்தகங்களைத் திருப்பித் தருவதாக அம்மையார் சொன்னார். அவை அவரிடமே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். வியாழக்கிழமைதோறும் அவர் இன்னும் வருகிறார். நேற்று நாங்கள் நிறுத்திய இடம் ஏழாவது இன்னிங்ஸ். இருவர் வெளியேறிவிட்டனர், இரண்டாம் பேஸில் ஒருவன் நிற்கிறான். அந்த ஆட்டம் எப்படி முடிந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.