ஒனக்க பழைய மோட்டாருக்கு எந்த ஆயில்

மக்கா,

சுகமா இருக்கியா. வள்ளத்து மோட்டாருக்கு எந்த ஆயில் ஊத்தணும்னு கேட்டு நீ அனுப்புன மெசேஜ் பாத்தேன், மோட்டார் போட்டோவும் பாத்தேன். போன்ல சொன்னா நீ பாதிய மறந்துருவ, அதான் எழுதியே அனுப்புதேன், பொறுமையா வாசி. இங்க குளச்சல்ல இப்ப விசைப்படகுக்குத் தடைக்காலம், ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வர. சின்னமுட்டத்துக்காரங்களுக்கு ஏப்ரல் 15ல தொடங்கி ஜூன் 14லயே முடிஞ்சிரும், ஒரே மாவட்டத்துல ரெண்டு கணக்கு. கடல் அடங்குன நாள்ல மட்டும் வள்ளம் எறங்குது, மத்த நாள்ல எல்லாரும் மோட்டாரக் கழத்திட்டு எனக்க ஷெட்டுக்கு வந்துருதாங்க, சோத்துக்குக்கூட நேரம் கெடைக்கல. மோளுக்கு காலேஜ்ல சீட்டு கெடச்சிட்டு, நாகர்கோவில்லதான், பஸ்ல போய்வந்துக்கிடலாம்.

நீ கல்ஃப விட்டுட்டு வந்து மணக்குடி காயல்ல வள்ளம் எறக்கப்போறன்னு கேட்டப்ப சந்தோசம்தான். ஆனா பெட்ரோல்லயே ஆயிலக் கலந்து ஓட்டுற 2 ஸ்ட்ரோக் பழைய மோட்டார வாங்கிட்டு, வித்தவன்கிட்டயே எந்த ஆயில் ஊத்தணும்னு கேட்டிருக்கியே, அவன் பங்க்ல ஆட்டோவுக்கு விக்கிற 2டி (2 ஸ்ட்ரோக்) ஆயில் போதும்னு சொல்லாம வேற என்ன சொல்லுவான். அவனுக்கு மோட்டார் கைய விட்டுப் போயாச்சு.

மக்கா, கம்பெனிப் பேர விட பாட்டில்ல போட்டிருக்க கிரேடுதான் முக்கியம். டிசி டபிள்யூ 3 (TC-W3)னு இருக்கணும், ரெண்டு ஸ்ட்ரோக், தண்ணில குளுரப் பண்ணுற எஞ்சின், அதுக்குள்ளது. அமெரிக்காவுல படகுத் தொழில்காரங்க சங்கம் ஒண்ணு இருக்கு, என்எம்எம்ஏன்னு சொல்லுவாங்க, அவங்க டெஸ்ட் பண்ணி பாஸ் ஆன ஆயிலுக்குத்தான் அந்த முத்திரை, கூடவே ஆர்எல்னு தொடங்குற ஒரு நம்பரும் லேபிள்ல இருக்கும். அந்த நம்பர் இல்லாம வெறுமன மரைன் ஆயில்னு பெருசா எழுதி வச்சிருந்தா அத நான் தொடமாட்டேன். யமாலூப்போ குவிக்சில்வரோ எதுன்னாலும் இந்த முத்திரை இருந்தா தைரியமா ஊத்து, ரெண்டு கம்பெனி ஆயில் கலந்துபோனாக்கூட ஒண்ணும் ஆகாது.

ஆட்டோ ஆயில் ஏன் ஆகாதுன்னா, ஸ்கூட்டர் ஆட்டோ எஞ்சின் காத்துல குளுருது, நல்லா சூடேறும், அந்தச் சூட்டுல கரி ஒட்டாம இருக்க அதுல கால்சியம் மாதிரி உலோகம் கலந்த மருந்து போடுவான். ஜப்பான்காரங்க கிரேடு, ஜாசோ எஃப்சி எஃப்டின்னு பாட்டில்ல போட்டிருக்கதெல்லாம் அந்த ரகம். நம்ம மோட்டார் அப்படி இல்ல, கடல்தண்ணி எந்நேரமும் உள்ள ஓடிக்கிட்டே இருக்கும், எஞ்சின் அந்தளவு சூடாகாது, அந்த மருந்து எரிஞ்சு வெளிய போகாம சாம்பலா பிஸ்டன் தலையிலயும் பிளக்லயும் ஒக்காந்துக்கிடும். அந்தச் சாம்பல் கனல் மாதிரி கனிஞ்சு நின்னு, பிளக் பொறி விடுறதுக்கு முன்னாடியே பெட்ரோலப் பத்த வச்சிரும், அப்புறம் பிஸ்டன்ல ஓட்டதான். டிசி டபிள்யூ 3ல சாம்பல் விடுற மருந்தே கெடையாது, துருப் பிடிக்காம இருக்கவும் அதுல சேத்திருக்கான், உப்புக்காத்துல கெடக்குற மோட்டாருக்கு அது வேணும். அதுக்காக மிச்சம் வந்தத மச்சானுக்க ஸ்கூட்டர்ல ஊத்திராத, அந்தச் சூட்டுக்கு இது தாங்காது. காருக்கு ஊத்துற 40 கிரேடு ஆயில கலந்து ஓட்டுன பெருசுங்க நம்ம ஊர்ல உண்டு, அந்தக் காலத்து மோட்டார் எப்படியோ ஓடிச்சு, நீ அந்தச் சோலிக்குப் போகாத.

இனி அளவு. ஒனக்க மோட்டார் மூடியிலயோ டேங்க்லயோ ஸ்டிக்கர் அழியாம இருந்தா அதுல போட்டிருக்கதுதான் கணக்கு. பெரும்பாலும் 50க்கு 1 இருக்கும், அதாவது லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில், ஒனக்க செவப்பு டேங்கு 24 லிட்டர்னா 480 மில்லி, அர லிட்டர்னே வச்சுக்கோ. ரொம்பப் பழைய மோட்டாருக்குள்ள நீடில் பேரிங் (ஊசி மாதிரி உருளை வச்ச பேரிங்) இல்லாம வெண்கல புஷ் போட்டிருப்பான், அதுக்கு 25க்கு 1 வேணும், லிட்டருக்கு 40 மில்லி. 100க்கு 1 போதும்னு சில மாடல்ல எழுதியிருக்கும், பழைய மோட்டாருக்கு அந்தச் சிக்கனம் வேண்டாம். சரி, அப்ப கூட ஊத்துனா இன்னும் நல்லதுதானேன்னு நீ கேப்ப. ஆயில் கூடுனா அந்த எடத்துல பெட்ரோல் கொறையும், பொக வரும், பிளக் கரியாகி நடுக்காயல்ல நின்னுரும். புதுசா ரிங்கு பிஸ்டன் மாத்தியிருந்தா மட்டும் மொத கொஞ்சமணி நேரத்துக்கு இரட்டிப்பு அளவு ஊத்தலாம்.

கலக்குறதுக்கும் ஒரு மொற இருக்கு. டேங்குல பாதி பெட்ரோல் ஊத்து, ஆயில விடு, மூடி நல்லா குலுக்கு, அப்புறம் மிச்சத்த ஊத்து. ஓரக்கண்ணால குத்துமதிப்பா ஊத்தாத, கல்ஃப்ல இருந்து ஒரு மெஷரிங் ஜாரு கொண்டுவந்திருப்பியே.

இப்ப நான் அதிகம் கவலப்படுறது ஆயிலப் பத்தி இல்ல, பெட்ரோலப் பத்தி. பங்க்ல இப்ப வாறது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காத்துல இருக்க ஈரத்த இழுக்கும், கடலோரத்துல கேக்கவா வேணும். தண்ணி ஒரு அளவுக்கு மேல சேந்தா எத்தனாலும் தண்ணியும் பிரிஞ்சு டேங்கு அடியில போயிரும், ஆயில் மேல பெட்ரோலோட நின்னுரும். மோட்டார் உறிஞ்சுறது அடியில இருந்து! அப்ப நீ எவ்வளவு நல்ல ஆயில் வாங்கி ஊத்தியும் எஞ்சினுக்குள்ள ஆயில் போகாது, சிலிண்டர் கீறல் விழுந்துரும். இந்த வருசம் எனக்க ஷெட்டுக்கு வந்த சீஸ் ஆன (பிஸ்டன் இறுகி நின்ன) மோட்டார்ல பலதும் இந்தக் கேஸ்தான், ஓனர் ஆயில் கம்பெனியத் திட்டிக்கிட்டு வருவான், டேங்க கண்ணாடிக் குப்பியில சாச்சுக் காட்டுனா வாய மூடிக்கிடுவான். அதனால ஒரு வாரத்துக்குத் தேவையானத மட்டும் கலக்கு, மூடிய எறுக்கி வை, பழைய கலவையக் கொண்டுவந்து புதுசுல ஊத்தாத. ரப்பர் ஓசு, கைப்பம்பு உருண்டை, பெட்ரோல் பம்புக்குள்ள இருக்க டயபிராம் சவ்வு எல்லாம் பழசுன்னா எத்தனால் தின்னுரும், மொதல்லயே மாத்திரு, பெரிய செலவில்ல.

ஆங், மண்ணெண்ணெய்ல ஓட்டலாமான்னு கேட்டிருந்தல்ல. அதுக்குன்னு கம்ப்ரஷன் கம்மியா கட்டுன மோட்டாருக்குத்தான் அது ஆகும், பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி சூடான பெறகு மாத்தி, நிறுத்துறதுக்கு முன்னாடி திரும்ப பெட்ரோலுக்கு வந்து கார்புரேட்டரக் கழுவி விடுவாங்க. ஒனக்கது வெறும் பெட்ரோல் மோட்டார், போட்டோ பாத்ததும் தெரிஞ்சிட்டு. மண்ணெண்ணெய் விட்டா டொக்கு டொக்குன்னு அடிச்சு ஒடச்சிரும். கியர்பாக்ஸுக்கு இந்த 2டி எதுவும் ஆகாது, அதுக்கு வேற ஆயில், 90 கிரேடு. அடி போல்ட்டக் கழத்திப் பாரு, பால் மாதிரி வெள்ளையா வந்தா தண்ணி ஏறியிருக்கு, சீலு போச்சு, அது மாத்தாம வள்ளத்த எறக்காத.

இப்ப ஒரு சோலி செய்யி. கொஞ்சநேரம் ஓட்டிட்டு நிறுத்தி ரெண்டு பிளக்கையும் கழத்தி, எது மேல எது கீழன்னு எழுதி வச்சு, வெளிச்சத்துல போட்டோ எடுத்து அனுப்பு. காப்பிக் கலர்ல இருந்தா கலவை சரி, கருப்பா ஈரமா இருந்தா ஆயில் கூடுதல், இல்லன்னா கார்புரேட்டர் சோலி இருக்கு. வெளுத்து புள்ளிப்புள்ளியா இருந்தா மோட்டார ஸ்டார்ட்டே பண்ணாம என்னக் கூப்பிடு, ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சதும் டூல்ஸ எடுத்துட்டு மணக்குடிக்கு வாறேன், வீட்ல நெத்தோலி அவியல் வைக்கச் சொல்லு.