காத்ர் பிரா மேசைக்கு வர உதவிய எல்லோருக்கும் நன்றி

அன்பு நண்பர்களுக்கு,

1815 ஜூன் 16, நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூவுக்கு இரண்டு நாள் முன்பு, பெல்ஜியத்தின் காத்ர் பிரா நாற்சந்தியில் பிரெஞ்சுப் படையும் பிரிட்டன், நெதர்லாந்து முதலிய நாடுகளின் கூட்டுப்படையும் மோதிய சண்டையை, பொம்மைச் சிப்பாய்களை வைத்து மேசைமேல் ஆடிப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அது நிறைவேறியது உங்களால்தான். நேரில் சொல்லியும் மனசு அடங்கவில்லை, அதனால் இந்த மடல்.

முதலில் வயல் செய்து கொடுத்த அக்காவுக்கு. அன்றைக்கு அங்கே ரைப் பயிர் ஆள் உயரத்துக்கு நின்றது. எதிரே வருவது யார், எத்தனை பேர் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஸ்காட்லாந்துக்காரர்களின் 42-ஆம் ரெஜிமெண்ட் குதிரைப்படையைத் தடுக்கச் சதுரமாக அணிவகுத்து முடிப்பதற்குள் பிரெஞ்சு ஈட்டிக் குதிரைப்படை மேலே வந்து விழுந்தது இதனால்தான். அந்த மறைவு இல்லாமல் இந்தச் சண்டையை ஆடுவதில் அர்த்தமே இல்லை. அக்கா தேங்காய் நார் மிதியடியைத் துண்டு போட்டு, சீப்பால் சீவி, நுனியில் மட்டும் வெளிர் மஞ்சள் பூசினார். 15 மில்லிமீட்டர் சிப்பாயை உள்ளே நிறுத்தினால் தொப்பி நுனிதான் தெரிகிறது. படை நடந்த தடத்தில் பயிர் சாய்ந்திருக்குமே என்று, சாய்ந்த துண்டுகளையும் தனியாகச் செய்து வைத்தது அவருடைய யோசனை.

அடுத்து, பிரெஞ்சு தெரிந்த தம்பிக்கு. காத்ர் பிராவில் எந்தப் படை எப்போது வந்தது என்பதுதான் எல்லாமே. பிற்பகல் 2 மணிவாக்கில் கூட்டுப்படையின் நெதர்லாந்துத் தளபதி ஆரஞ்சு இளவரசரிடம் இருந்தது சுமார் 8,000 பேரும் 16 பீரங்கிகளும்தான். 3 மணியை ஒட்டி பிரிட்டிஷ் தளபதி பிக்டனின் டிவிஷன் வந்து சேராவிட்டால் சந்தி பிரெஞ்சுத் தளபதி நேயின் கைக்குப் போயிருக்கும். நேரத்தைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொன்று எழுதி வைத்திருக்கிறார்கள். தம்பி அதையெல்லாம் பொறுமையாக ஒத்துப் பார்த்து, சுற்றுக்கு அரை மணி என்று 14 சுற்றுக்கு வருகை அட்டவணை போட்டுத் தந்தார்.

நடுவராக இருந்த அண்ணனுக்கு என்ன சொன்னாலும் தகும். நேயின் கீழிருந்த தெர்லோனின் சுமார் 20,000 பேர் அன்று காத்ர் பிராவுக்கும், அதே நாளில் நெப்போலியன் பிரஷ்யரோடு மோதிய லிக்னிக்கும் இடையே அலைந்து, இரண்டு சண்டையிலும் சேராமலே போனார்கள். அந்தப் படை வருமா வராதா என்பதை அண்ணன் ஒட்டிய உறைக்குள் வைத்து, நேயாக ஆடியவரிடம் கடைசி வரை மூச்சுவிடவில்லை. அந்தத் தவிப்புதான் ஆட்டத்துக்கு உயிர் கொடுத்தது. நேயாக ஆடியவரும் சளைக்கவில்லை. ஜெமியோன்கூர் பண்ணையைப் பிடித்தார், சந்தியைத்தான் பிடிக்க முடியவில்லை.

அப்புறம், வண்ணம் தீட்டிய நண்பருக்கு. பிரெஞ்சுத் தளபதி கெலர்மானின் கவசக் குதிரைவீரர்கள் பிரிட்டிஷ் 69-ஆம் ரெஜிமெண்டின் கொடியைப் பறித்துக்கொண்டு போனார்கள். அதற்காகவே அந்தக் கொடியைக் குண்டூசியில் கழற்றி மாட்டும்படி செய்திருந்தார். 1806-இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது உள்ளே இருந்ததும் இதே 69-ஆம் ரெஜிமெண்ட்தான், பட்டாலியன் மட்டும் வேறு. அவர் அதைச் சொன்னபோது அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது.

இடம் கொடுத்து, இரவு வரை டீ போட்டுத் தந்த வீட்டாருக்கும் என் நன்றி.

வரைபடம், படைப்பட்டியல், வருகை அட்டவணை மூன்றையும் யார் கேட்டாலும் தருகிறேன். அடுத்தது லிக்னி. பிரஷ்யர் பக்கம் ஆட விரும்புகிறவர்கள் இப்போதே சொல்லி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்