கேசட் பெட்டி அனுப்பியிருக்கிறேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. பெட்டியைக் கூரியரில் போட்டாகிவிட்டது. நீ அனுப்பிய புது விலாசத்தையே எழுதினேன். உன் பெயர் மட்டும் போதுமா என்று கேட்டதற்கு "போதும்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாய். சரி. வீட்டு எண்ணையும் ஜிப் கோடையும் மாமா இன்னொரு முறை சரிபார்த்தார்.

பெட்டி வந்ததும் உடனே பிரிக்காதே. அங்கே குளிர்காலம். சில்லென்று வந்த கேசட்டைச் சூடான அறையில் திறந்தால் டேப்பில் ஈரம் பூக்கும். ஒரு நாள் முழுக்க அறையில் மூடியபடியே இருக்கட்டும். ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதே, அதற்குள் காந்தம் இருக்கிறது. ஹீட்டர் பக்கத்திலும் வேண்டாம்.

இந்தப் பாட்டெல்லாம் இணையத்திலேயே கிடைக்குமே, கேசட் எதற்கு என்று பெரியம்மா கேட்டாள். கிடைக்கும்தான். ஆனால் இப்போது கிடைப்பவற்றில் பல பிறகு மறுபதிப்புக்காகச் சத்தத்தைத் தூக்கி, எதிரொலி சேர்த்து, மோனோவை ஸ்டீரியோபோல விரித்துவிட்டவை. பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையில் இருந்த ஏற்ற இறக்கம் அதில் தட்டையாகிவிடும். அதோடு, நம் கேசட் பதிவுக் கடையில் பதிந்த கேசட்டுக்கு வரிசை என்று ஒன்று உண்டு. ஒரு பாட்டு முடியும்போதே அடுத்ததன் ஆரம்ப இசை உன் காதில் வந்து நிற்கும். தனித்தனியாகத் தேடிக் கேட்டால் அது வராது. அதனால் முதலில் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே கோப்பாகப் பதிந்துவிடு. பாட்டு பாட்டாக வெட்டுவதெல்லாம் பிறகு.

கேசட் ஓட்டும் டெக்கை இங்கிருந்து அனுப்பவில்லை. இது 230 வோல்ட், அங்கே 120. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஓடாது, வழியில் அடிபட்டாலும் போச்சு. அங்கேயே பழைய டெக் ஒன்று வாங்கிக்கொள். அங்கே 60 ஹெர்ட்ஸ் ஆயிற்றே, வேகம் மாறுமா என்று கேட்பாய். கேசட் டெக்கில் இருப்பது பெரும்பாலும் டிசி மோட்டார், மாறாது. மின்சாரத்தின் ஹெர்ட்ஸை நம்பி ஓடும் பழைய ரெக்கார்ட் பிளேயருக்குத்தான் அந்தத் தொல்லை. கையடக்கமாக யுஎஸ்பி வைத்து மலிவாக விற்கிறார்களே, அதை வாங்காதே. அதில் டேப் ஒரே சீராக ஓடாது. வயலின் நீண்டு இழுக்கும் இடத்தில் தள்ளாடும்.

டெக் வந்ததும் முதல் வேலை சுத்தம். மருந்துக் கடையில் 91 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால் கேள். 70 சதவீதம் வேண்டாம், அதில் தண்ணீர் அதிகம். பஞ்சுக் குச்சியில் தொட்டு, டேப்பைப் படிக்கும் ஹெட்டையும், பக்கத்தில் சுழலும் மெல்லிய இரும்புத் தண்டான கேப்ஸ்டனையும் பஞ்சில் பழுப்பு ஒட்டுவது நிற்கும் வரை துடை. ரப்பர் உருளைக்கு மட்டும் ஆல்கஹால் அடிக்கடி போட்டால் ரப்பர் இறுகும். அதற்குச் சோப்புத் தண்ணீர் இரண்டு சொட்டு, பிறகு நன்றாக உலரவிடு. இவ்வளவு பழைய டேப்புக்கு ஒவ்வொரு கேசட் முடிந்ததும் துடைக்க வேண்டும். ஹெட் அழுக்காக இருந்தால் முதலில் போவது ஜால்ராவும் சலங்கையும். பாட்டு கம்பளிக்குள் இருந்து கேட்பதுபோல் இருக்கும், நீ டேப் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வாய்.

போட்டவுடன் பிளேயை அழுத்தாதே. முதலில் முன்னால் ஒரு முறை முழுக்க ஓட்டி, பின்னால் ஒரு முறை சுற்று. வருஷக்கணக்காக ஒரே இறுக்கத்தில் கிடந்த சுருள் இளகட்டும். 60 நிமிடக் கேசட்டைவிட 90 நிமிடக் கேசட்டுக்கு இன்னும் கவனம் வேண்டும். 60-ல் டேப் கனம் 16 முதல் 18 மைக்ரான் இருக்கும், 90-ல் 12தான். சிக்கினால் நீண்டுவிடும், நீண்டது திரும்பாது.

சாப்பாட்டு நேரம் தவறவிடாதே. நேற்று உன் செய்தி வந்தபோது அங்கே விடியற்காலை மூன்று மணி. டேப் வேலை ராத்திரியில் செய்கிற வேலை இல்லை, காது களைத்திருக்கும்போது எல்லாமே மங்கலாகத்தான் கேட்கும்.

இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தான் அணைந்திருக்க வேண்டும். நம் கடையில் டால்பி போட்டுப் பதிந்ததே இல்லை. போடாமல் பதிந்ததை டால்பியோடு ஓட்டினால் ஜால்ரா போன்ற மேல் சத்தம் அமுங்கிவிடும். டேப் வகை நார்மல், அதாவது மேல் சத்தத்தைச் சமன்செய்யும் அளவு 120 மைக்ரோசெகண்ட். குரோம் என்பதில் வைத்தால் 70, அதிலும் மேல் சத்தம் குறையும்.

இனி முக்கியமானது. நீல மையில் எழுதியவை பெரிய டெக்கில் பதிந்தவை, சிவப்பு மை சின்ன டெக். உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இரண்டுக்கும் ஹெட் சாய்வு வேறு. நீலத்துக்குச் சரியாக வைத்ததில் சிவப்பை ஓட்டினால் மந்தமாக இருக்கும். ஹெட்டின் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங்கோடு ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அதுதான் அசிமத் ஸ்க்ரூ. முதலில் அது இருக்கும் நிலையை மார்க்கரால் குறித்துவை. பிறகு இடது, வலது இரண்டு பக்கத்தையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டுக்கொண்டே, ஒரு நேரத்தில் சுற்றில் பதினாறில் ஒரு பங்குக்குமேல் போகாமல் திருப்பு. ஸ்டீரியோவில் கேட்டால் வித்தியாசம் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. மோனோவில் சாய்வு தப்பினால் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கூர்மை போய்விடும், சரியான இடத்தில் சட்டென்று திறந்துகொள்ளும். அந்த இடத்தில் விட்டுவிடு, இறுக்காதே. நீலத்தை எல்லாம் முடித்துவிட்டுத்தான் சிவப்புக்குப் போக வேண்டும், மாற்றி மாற்றிப் போட்டால் ஸ்க்ரூ தளர்ந்துபோகும்.

சின்ன டெக் கொஞ்சம் வேகமாக ஓடும். அதனால் சிவப்பு மைக் கேசட் எல்லாம் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி இறங்கிக் கேட்கும், உத்தேசமாக இரண்டு சதவீதம். ஆறு சதவீதம் வந்தால் ஒரு அரைச் சுரம் முழுக்க மாறிவிடும், இது அதில் மூன்றில் ஒரு பங்கு. உன் காதுக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் பதியும் ஆடாசிட்டி மென்பொருளில் வேகம் மாற்றும் இடத்தில் சரிசெய். சுருதியை மட்டும் மாற்றுவது, தாளத்தை மட்டும் மாற்றுவது என்று தனித்தனியாக இருக்கும், அவற்றைத் தொடாதே, குரல் கரகரக்கும்.

கம்ப்யூட்டரில் மைக் துளையில் செருகாதே. டெக்கின் லைன் அவுட்டிலிருந்து யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகப் போக வேண்டும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். மிக உரத்த இடம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி அளவை வை. ஒரு நிமிடத்துக்கு 17 எம்பி ஆகும், 90 கேசட் முழுதும் ஒன்றரை ஜிபி. லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதி. அதைக் குத்தியிருந்தால் ஒரு ரீங்காரம் ஏறும்.

ரீங்காரம் கேட்டால் பயந்து எல்லாவற்றையும் வடிகட்டிவிடாதே. அலைவரிசை வரைபடத்தைத் திறந்து எங்கே மேடு இருக்கிறது என்று பார். 60 ஹெர்ட்ஸிலும் 120-லும் இருந்தால் அது உன் வீட்டு மின்சாரம், கம்பியை மாற்றிச் செருகு. 50-லும் 100-லும் இருந்தால் அது பதியும்போதே இங்கிருந்து ஏறியது, நம் கடை மின்சாரம். அதற்கு நீ ஒன்றும் செய்ய வேண்டாம். வேகத்தைச் சரிபார்க்க அது உதவுகிறதே என்று நினைப்பாய். அந்தக் காலத்தில் மின்சாரம் 50-ல் நின்றதே இல்லை, ஆகவே உத்தேசத்துக்குத்தான்.

எது பழுது, எது பழுதில்லை என்று தெரியாமல்தான் பலர் நல்ல கேசட்டைப் பாழாக்குகிறார்கள். டக் டக்கென்று வருவது ரெக்கார்ட் ஊசி, 1976 அன்னக்கிளி பக்கத்தில் நிறைய வரும், விட்டுவிடு. இலங்கை வானொலியில் பிடித்ததில் சத்தம் மெதுவாக ஏறி இறங்கும். இரவில் மத்திய அலை வானத்தில் பட்டுத் திரும்பி வருவதால் அப்படி, அதுவும் டேப் பழுதில்லை. அறிவிப்பாளர் குரலை வெட்டாதே. பாட்டு தொடங்குவதற்கு இரண்டு மூன்று நொடி முன்னால் அதே பாட்டு மெல்லிசாக முன்கூட்டியே கேட்டால், சுருளில் ஒரு சுற்று அடுத்த சுற்றின்மேல் படிந்திருக்கிறது. மூன்று நான்கு முறை முன்னும் பின்னும் சுற்றினால் கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது. இடது, வலதில் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று செத்துப் பிழைத்தால் அழுக்கு, துடை. எல்லாச் சுரமும் தள்ளாடினால் உன் டெக்கின் பெல்ட்.

இரைச்சலைக் குறைக்கும்போது பாட்டுக்கு முன்னால் இருக்கும் வெற்று இடத்தை மாதிரியாக எடுத்துக்கொண்டு 6 டெசிபல் மட்டும் குறை. 9-க்கு மேல் போனால் தம்புராவும் மூச்சும் சேர்ந்து போய், பாடுகிறவர் தண்ணீருக்குள் இருந்து பாடுவதுபோல் ஆகும். இரைச்சல் நீக்காத மூலத்தைத் தனியாக, தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பாக வைத்துவிடு. கோப்புப் பெயரில் ஆண்டு, கேசட் எண், பக்கம் மூன்றும் இருக்கட்டும்.

சிவப்பு நூல் கட்டிய பையில் இருப்பவற்றைத் தனியாக வைத்திருக்கிறேன். டேப் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம். அவற்றை டெக்கில் போட்டால் பூஞ்சணம் அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். கடைசியில், முகக் கவசம் போட்டுக்கொண்டுதான் திறக்க வேண்டும்.

சத்தம் ரொம்ப மெல்லிசாக வந்தால் உள்ளே ஹெட்டுக்கு எதிரில் இருக்கும் சின்னப் பஞ்சுத் தகடு விழுந்திருக்கும். காலிக் கேசட் இரண்டு வைத்திருக்கிறேன், அதிலிருந்து எடுத்துக்கொள். ஐந்து ஸ்க்ரூ, திறப்பதற்கு முன் போட்டோ எடு. எட்டாவது படிக்கும்போதே ஐந்தையும் கழற்றி வரிசையாக வைப்பாய், கடையில் இருந்த பெரியவர்களுக்குக் கூட அந்தக் கை வரவில்லை. இப்போது போனை எடுக்கத்தான் கை வரவில்லை. சரி, விடு. 1992 ரோஜா மாதிரி கம்பெனி கேசட்டில் சில ஸ்க்ரூ இல்லாமல் ஒட்டியே வந்தவை. அதை ஓரத்தில் கத்தி கொடுத்துப் பிளந்து, சுருளை ஸ்க்ரூ உள்ள கூட்டுக்கு மாற்ற வேண்டும். அறுந்தால் செல்லோ டேப் வேண்டாம், பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்ப்ளைசிங் டேப் வைத்திருக்கிறேன், ஹெட்டைத் தொடாத பக்கத்தில் ஒட்டு.

60 கேசட்டில் ஒரு பக்கத்துக்கு ஆறு ஏழு பாட்டு, கடைசிப் பாட்டு பாதியில் நின்றால் அது அப்படித்தான், தேடாதே. குட்டிக்குப் பிடித்த மூன்றும் நீல மை 14-ல் இரண்டாம் பக்கம். குட்டி உன்னோடுதானே இருக்கிறாள்? முதலில் அதைப் பதி.

சாப்பிடு, சாயங்காலமே வேலையை முடி, ராத்திரியில் பதிகிறேன் என்று உட்காராதே.

நீ வாங்கும் டெக்கில் பெல்ட் நிச்சயம் போயிருக்கும். தொய்ந்திருக்கும், இல்லாவிட்டால் உருகித் தார்போல் ஒட்டியிருக்கும். துடைத்து எடுத்து வேறு மாற்றுவதை எழுத்தில் சொல்ல முடியாது, பக்கத்தில் இருந்தால் அரை நாள் வேலை. என் விசா இன்னும் செல்லும். மார்கழி முடிந்தால் எனக்கு இங்கே வேலையும் இல்லை. ஒரு ஆள் படுக்க இடம் இருந்தால் போதும், வேறு எதுவும் நீ சொல்லவும் வேண்டாம், நான் கேட்கவும் மாட்டேன். டெக் வாங்கியதும் பின்பக்கத்தில் இருக்கும் மாடல் எண்ணை அனுப்பு. பெல்ட் அறுந்திருந்தால் அது ஓடும் சக்கரங்களைச் சுற்றி நூலை இறுக்கமாகப் போட்டு அளந்து, ஐந்து சதவீதம் குறைத்து எழுது. முழுசாக இருந்தால் அதன் அளவிலிருந்தும் அதே அளவு குறை, பழசு நீண்டிருக்கும். பெல்ட்டை இங்கேயே வாங்கிக்கொண்டு வருகிறேன், டிக்கெட் போடுவதற்கு முன் அளவு தெரிய வேண்டும்.

அம்மா