பங்குனி வரைக்கும் பொறுக்கச் சொல்

ஹாரோ, லண்டன்
ஜூன் 12

அன்புள்ள மாப்ளே,

உன் இரண்டு கடிதமும் வந்தன. பேத்திக்குக் காது குத்தின படமும் பார்த்தோம். தங்கச்சி இளைத்திருக்கிறாள், நீ அவள் பங்கையும் சேர்த்துச் சாப்பிடுகிறாய் போலிருக்கிறது. அண்ணாச்சி கடையை மூடிவிட்டார் என்று எழுதியிருந்தாய். அவருடைய கணக்கு நோட்டில் என் பெயருக்கு நேரே என்ன இருக்கிறது என்று போய்க் கிளறி வைக்காதே. இவளுக்கு மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. மற்றபடி சௌக்கியம். விஷயத்துக்கு வருகிறேன்.

வீட்டை விற்கிறோம். மாடிப்படி ஏறி இறங்க இவளால் முடியவில்லை. பெரியவன் நச்சரித்து நச்சரித்துக் கடைசியில் சம்மதிக்க வைத்துவிட்டான். அவன் வீட்டுக்குப் பக்கத்திலேயே லிஃப்ட் வைத்த ஒரு ஃபிளாட். இரண்டாம் மாடி. பால்கனியில் இரண்டு நாற்காலி போட்டால் மூன்றாவது ஆள் நின்றுகொண்டுதான் பேச வேண்டும். அதெல்லாம் பரவாயில்லை. என் கவலை வேறு. பின்பக்கத் தோட்டத்து மேக்னோலியா மரத்தை என்ன செய்வது?

சிரிக்காதே. நீ சிரிப்பாய் என்று தெரியும். தாவரவியல் வாத்தியார் நீ, பி.காம். படித்தவன் நான், செடிக்காக அழுவது நானா என்று கேட்பாய். உனக்கு ஒரு செய்தி சொல்கிறேன், உட்கார்ந்துகொள். நீ வருஷக்கணக்காகக் கரும்பலகையில் 'மைக்கேலியா சம்பகா' என்று எழுதிப் போட்டாயே, அந்த மைக்கேலியா என்கிற பேரினத்தையே கலைத்துவிட்டார்கள். மரபணுவைப் பார்த்து எல்லாவற்றையும் மேக்னோலியாவுக்குள் சேர்த்தாயிற்று. இப்போது நம் செண்பகம் மேக்னோலியா சம்பகா. நீ சுழித்துப் போட்ட விடைத்தாள்களை எல்லாம் திரும்ப வாங்கித் திருத்து. ஆக, என் தோட்டத்தில் நிற்பது நம் குற்றாலத்துச் செண்பகாதேவி அருவிக்குப் பெயர் கொடுத்த மரத்தின் பங்காளி. சித்ரா பௌர்ணமிக்குப் போய், குரங்கிடம் நீ வேட்டியைப் பறிகொடுத்தாயே, அதே அருவிதான்.

பங்காளி என்றாலும் குணம் வேறு. செண்பகம் முப்பது மீட்டருக்கு மேலே போகும், நீ அண்ணாந்து பார்க்க வேண்டும். இது ஸ்டெல்லாட்டா என்கிற ஜப்பான் ஜாதி. மிஞ்சிப் போனால் மூன்று மீட்டர். அதற்கே வருஷக்கணக்காகும், அவசரமே கிடையாது. சொந்த ஊர் ஜப்பானில் இசே விரிகுடாவைச் சுற்றியுள்ள ஈரச் சரிவுகள். அங்கே காடாக இருந்த இடமெல்லாம் மனையாகிப் போய், பிறந்த மண்ணில் அரிதாகிவிட்டது. இங்கே தெருவுக்கு இரண்டு வீட்டில் நிற்கிறது. பிழைக்கப் போன இடத்தில் பெருகி, ஊரில் ஆளில்லாமல் போகிற கதை நமக்குத் தெரியாததா?

இவளுக்கு முதலில் இது பிடிக்கவே இல்லை. "வாசனை வர மூக்கைக் கொண்டுபோய் உள்ளே வைக்கணும், தலையில வைக்கலாம்னு தொட்டா பழுப்பாயிருது, இது என்ன பூ?" என்பாள். நியாயம்தான். செண்பகம் தெருமுனையில் வருகிறவனைக் கையைப் பிடித்து இழுக்கும். இது அப்படியில்லை. ஆனால் முழங்கால் உயரத்தில் நிற்கும்போதே பூக்க ஆரம்பித்துவிட்டது. விதை போட்டு வளர்ந்த செண்பகத்திடம் அதை எதிர்பார்க்க முடியுமா?

குளிர்காலம் முழுக்க இலை இருக்காது. வெறும் குச்சி. குச்சி நுனியில் மட்டும் சாம்பல் நிற மொட்டு, பூனைக்குட்டியின் காது மாதிரி மெத்தென்று ரோமம். நவம்பரில் இருந்து பிப்ரவரி வரைக்கும், நாலு மணிக்கே இருட்டுகிற ஊரில், அந்த மொட்டுத்தான் துணை. மார்ச்சில், ஒரு இலைகூட வருவதற்கு முன்னால், ரோமக் குல்லாயைக் கழற்றி எறிந்துவிட்டு வெள்ளையாக விரியும். ஒல்லி ஒல்லியாக ஒரு பூவுக்குப் பன்னிரண்டு இதழுக்குக் குறையாது. ஒரு பங்குனி உத்திரத்தன்று காலையில் இவள் ஜன்னலைத் திறந்தவள் அப்படியே நின்றாள். அன்றைக்கு விட்டாள் திட்டுவதை.

ஆனால் வெள்ளைக்காரனுடைய பங்குனியை நம்ப முடியாது, கேட்டியா. பூ விரிந்த மறுநாள் ராத்திரி உறைபனி இறங்கும். காலையில் பார்த்தால் மொத்தமும் டீயில் நனைத்த நிறம். நல்லவேளை, எல்லா மொட்டும் ஒன்றாக விரிவதில்லை. முன்னால் விரிந்தது போனாலும் பின்னால் வருவது தப்பிக்கும். கிழக்குப் பார்த்து வைத்தால் இன்னும் மோசம். பனி பிடித்த இதழில் காலை வெயில் சுள்ளென்று விழுந்தால் கருகிப்போகும், நிழலில் மெதுவாக உருகினால் பிழைத்தாலும் பிழைக்கும். அதனால்தான் நான் மேற்குப் பார்த்த சுவரோரம் வைத்தேன். பக்கத்து வீட்டில் 'சூசன்' என்று ஒரு கலப்பினம். 1950களில் அமெரிக்கத் தேசிய ஆர்போரேட்டம் என்கிற மரத்தோட்டத்தில் ஸ்டெல்லாட்டாவையும் லிலிஃப்ளோரா என்கிற இன்னொரு மேக்னோலியாவையும் சேர்த்து எட்டு ரகம் எடுத்தார்கள். ஆன், பெட்டி, ஜேன் என்று எல்லாம் சின்னப் பெயர்கள். கொஞ்சம் தாமதமாகப் பூப்பதால் பனியிலிருந்து தப்பிக்கும். என்னுடையது பழுத்துக் கிடக்கும்போது சூசன் ஊதாவும் ரோஸுமாகச் சிலுப்பிக்கொண்டு நிற்கும். இவள் அதைச் 'சூசன் அக்கா' என்றுதான் சொல்லுவாள், கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு.

இப்போது கேள். வீட்டை வாங்குகிறவர்கள் சின்ன வயசுத் தம்பதி. நல்ல பிள்ளைகள், குறை சொல்ல மாட்டேன். போன வாரம் டேப்பும் கையுமாக வந்து தோட்டத்தை அளந்தார்கள். பிளாஸ்டிக் புல் விரித்து, கடைசியில் ஒரு மர அறை கட்டி, அதில் ஆபீஸ் போடப்போகிறார்களாம். அந்தப் பையன் மேக்னோலியா பக்கத்தில் நின்றுகொண்டு, "இந்தப் புதரை எடுத்தால் அளவு சரியாக வரும்" என்றான்.

புதராம்! அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஜூன் மாதத்தில் அது புதர்தான். சாதாரணப் பச்சை இலை, பூவும் கிடையாது, ஒன்றும் கிடையாது. வீடு பார்க்க வருகிறவன் மார்ச்சில் வந்திருந்தால் விலையைக் கூட்டிக் கேட்டிருக்கலாம். வருஷத்தில் இரண்டு மூன்று வாரம் தன்னைக் காட்டிவிட்டு மிச்ச நாளெல்லாம் வாயை மூடிக்கொண்டிருப்பவனை யார் காப்பாற்றுவார்கள்? நம் டிராயிங் மாஸ்டரை நினைத்துப் பார். ரிடையர் ஆகிறவரைக்கும் அவரை யாராவது ஒரு ஆளாக மதித்தோமா?

தோண்டி எடுத்துக்கொண்டு போகலாமே என்பாய். சட்டம் இடம் கொடுக்கிறது. இங்கே வீடு கைமாறும்போது வக்கீல் ஒரு படிவம் அனுப்புவார். திரைச்சீலை, அடுப்பு, விளக்கு என்று ஒவ்வொன்றுக்கும் விட்டுவிட்டுப் போகிறீர்களா, எடுத்துப் போகிறீர்களா என்று குறிக்க வேண்டும். அதில் மரம், செடி, புதருக்கும் ஒரு வரி இருக்கிறது. குறிக்காமல் விட்டால் மண்ணில் வேர் விட்டதெல்லாம் மண்ணோடு சேர்த்தி. அந்த ஒரு வரியை மட்டும் காலியாக வைத்திருக்கிறேன். வக்கீல் ஆபீஸிலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது.

ஆனால் மேக்னோலியாவுக்கு இடம் மாறுவது ஆகாது. வேர் ஆழமாகப் போகாமல் மேல் மண்ணிலேயே நாலு பக்கமும் படர்ந்திருக்கும். சதைப்பிடிப்பான வேர், மண்வெட்டி பட்டால் ஒடிந்துவிடும், ஒடிந்தது லேசில் தேறாது. அதனால்தான் அதன் அடியில் நான் கொத்துவதே கிடையாது. இலை மக்கைப் பரப்பிவிட்டுச் சும்மா இருப்பேன். இத்தனை வயசான மரத்தைப் பெயர்த்துத் தொட்டியில் வைத்து இரண்டாம் மாடிக்குத் தூக்குவது கொலைக்குச் சமம்.

ராத்திரியில் இதையே நினைத்துக்கொண்டு விழித்திருக்கிறேன், மாப்ளே. வேடிக்கையாக எழுதுகிறேனே தவிர, வேடிக்கை இல்லை. நம்மையும் இப்படித்தான் பெயர்க்கிறார்கள், நல்லதுக்குத்தான் என்றும் தெரிகிறது. போன ஞாயிற்றுக்கிழமை இவள் ஊன்றுகோலோடு போய் அதன் பக்கத்தில் வெகு நேரம் நின்றாள். திரும்பி வந்து, "நான் மேலே போறதுக்குத் தயார், அதை ஏன் தொந்தரவு பண்ணணும்" என்றாள். எந்த மேலே என்று நான் கேட்கவில்லை.

யோசித்து ஒன்று முடிவு பண்ணியிருக்கிறேன். மரம் அங்கேயே இருக்கட்டும். அந்தப் பெண்ணிடம், பையனிடம் இல்லை, அவளிடம், மார்ச்சில் எடுத்த படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொடுக்கப்போகிறேன். வெட்டாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒரே ஒரு பங்குனி வரைக்கும் பொறுங்கள், பார்த்துவிட்டு வெட்டுங்கள் என்று மட்டும் கேட்பேன். கிளை நறுக்குவதென்றால் பூ முடிந்த கையோடு நறுக்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுப்பேன். அடுத்த வருஷத்து மொட்டு கோடையிலேயே உருவாகிவிடும், இலையுதிர்ந்த பிறகு அழகுபடுத்துகிறேன் என்று கத்தரிப்பவன் பூவைத்தான் கத்தரிக்கிறான்.

இதற்கு நடுவில் எனக்கென்று ஒரு கன்று வேண்டும். தொட்டியில் இந்த ஜாதி நன்றாகவே வரும். கிளையை வளைத்து மண்ணில் புதைத்துப் பதியம் போட்டால் வேர் பிடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும், எனக்கு அவகாசம் செப்டம்பர் வரைக்கும்தான். அதனால் போன வாரம் பென்சில் கனத்தில் ஒரு கிளையைப் பட்டை சீவி, ஈரப் பாசி வைத்து, பிளாஸ்டிக் சுற்றிக் கட்டியிருக்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து நீ செம்பருத்தியில் கட்ட வைப்பாயே, அதேதான். கூடவே இளங்குச்சி சில நறுக்கி மணலில் ஊன்றியிருக்கிறேன். இவற்றில் எது முந்தும் என்று நீ சொல். பாசி காய்ந்தால் பிரித்து நனைக்கலாமா, இல்லை தொடவே கூடாதா? வேர் வெள்ளையாக எட்டிப் பார்த்ததும் வெட்டுவதா, பழுக்கும் வரைக்கும் காத்திருப்பதா? நாலு வரி எழுது. 'உருண்டை'யிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று தள்ளிப்போடாதே, அவனுக்கு வாழையைத் தவிர ஒன்றும் தெரியாது.

பின்கட்டு முழுக்க சிமெண்ட் போடப்போவதாக எழுதியிருந்தாய். ஒரு மூலையில் நாலடி விடு. ஒட்டுச் செண்பகம் நர்சரியில் கிடைக்கும், சின்னதிலேயே பூக்கும், கிளையை நறுக்கி அடக்கி வைத்துக்கொள்ளலாம். நாரதர் சபித்த பூ, சிவனுக்கு ஆகாது என்று ஆரம்பிக்காதே. திருநாகேஸ்வரம் சிவன் கோயிலில் தலமரமே அதுதான், அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம். தண்ணீர் தேங்காத மூலையாகப் பார். கொத்தனார் வருவதற்குள் குழியைத் தோண்டிவிடு, அப்புறம் அவன் கேட்க மாட்டான்.

தங்கச்சிக்கு எங்கள் அன்பைச் சொல். பதியம் பற்றின கேள்விக்குப் பதில் இந்த மாதத்துக்குள் வர வேண்டும்.

உன்,
குட்டை