தார் ஓரத்துல எறங்குற டயரும் மறியுற பெரிய வண்டியும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நாகர்கோவில்ல 18 வருசமா வாடகை வண்டி ஓட்டுறேன், இப்போ ஓட்டுறது எஸ்யூவி. ஏறுறவங்க எல்லாரும் "பெரிய வண்டிதானே, ஒண்ணும் ஆவாது"ன்னு சொல்லுவாங்க, நானும் அப்படி நெனச்சவன்தான். போன ஆவணில தோவாளை பக்கம் சானல் (வாய்க்கா) கரை ரோட்டுல ஒரு எஸ்யூவி மறிஞ்சு, அதான் கவுந்து, கெடந்தத பாத்த பெறகு அந்த நெனப்பு போச்சு.

யாரும் வந்து மோதல. பஸ்ஸுக்கு வழி விட எடது பக்க சக்கரம் ரெண்டும் மண்ணுல எறங்கிருக்கு, தாருக்கு மேல தாரா போட்டு ரோடு ஒசந்துட்டு, ஓரத்துல மண்ணே அடிக்கல, ஒரு சாண் பள்ளம். டிரைவர் பதறிப்போய் ஸ்டீயரிங்க வலது பக்கம் வெட்டிருக்காரு, டயரு தார் விளிம்புல ஒரசி ஒரசி டக்குன்னு ஏறுனதும் வண்டி குறுக்க போயி எதிர்பக்க மண்ணுல ரிம்மு குத்தி மறிஞ்சுட்டு. ரிம்முக்கும் டயருக்கும் எடையில புல்லோட செம்மண்ணு அப்பியிருந்துச்சு. முன்னால பெல்ட் போட்ட ரெண்டு பேரும் தலைகீழா தொங்கிட்டு இருந்தாங்க, சிராய்ப்புதான். பின்னால பெல்ட் இல்லாம இருந்தவரு வெளிய தெறிச்சு வாழத்தோப்புல கெடந்தாரு, நான் போறதுக்குள்ள துண்டு போட்டு மூடிட்டாங்க.

வீட்டுல பீரோவையும் கட்டிலையும் தள்ளிப் பாருங்க, எது சாயும்? அதே கணக்குதான், வண்டியோட எடை ஒசரத்துல நிக்குது, அகலம் மட்டும் காரு அளவுக்குத்தான். இதுல சபரிமல சீசன்ல கேரியர்ல மூட்டையா அடுக்குறோம், வேண்டாம்னு சொன்னா பார்ட்டிக்கு கோவம் வருது. ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல்ல ஆடிக்காத்து பக்கவாட்டுல அடிக்கும்போது ஸ்டீயரிங் கைய விட்டு இழுக்கும், எங்களுக்குத் தெரியும், வெளியூர் டிரைவருக்குத் தெரியாது.

டயரும் சும்மா இல்ல. 2000-ல அமெரிக்காவுல ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர்ல ஃபயர்ஸ்டோன் டயரு உரிஞ்சு வண்டி வண்டியா உருண்டுச்சு, 250 பேருக்கு மேல செத்தாங்க, 65 லட்சம் டயர திரும்ப வாங்குனாங்க. காத்து கொறஞ்சா சூடேறி டயரு உரியும், அம்புட்டுதான். நம்மாளு டீக்கு எறங்குற நேரத்துல காத்து பாக்கலாம், பாக்க மாட்டான்.

இப்போ வர்ற பல வண்டிகள்ல ஈஎஸ்சின்னு ஒண்ணு இருக்கு, வண்டி சறுக்கப் போச்சுன்னா அதுவே தனித்தனி சக்கரத்துக்கு பிரேக் புடிக்கும். வாடகைக்கு ஓடுற பழைய வண்டிகள்ல முக்காவாசிக்கு அது கெடையாது. சக்கரம் எறங்கிட்டா வெட்டாதீங்க தம்பிமாரே, ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்து நேரா போவ விடுங்க, வேகம் கொறஞ்ச பெறகு மெதுவா ஏத்துங்க. பின்னால இருக்கவங்களும் பெல்ட் போடுங்க, இல்லைன்னா 1000 ரூவா ஃபைன்னு சட்டமே இருக்கு, ஆனா ஃபைனுக்கா போடுறது?

ரோடு போடுறவங்க எடவப்பாதி மழைக்கு, அதான் தென்மேற்குப் பருவமழைக்கு, முன்னாடி ஓரத்துல மண்ணு அடிச்சு ரோலர் விட்டா போதும், சானல் வளைவுல ஒரு தடுப்புச்சுவர் கெட்டுனா நல்லது. நேத்தும் அந்த வழியா சவாரி போனேன், அந்த ஒரு சாண் பள்ளம் அப்படியேதான் கெடக்கு, அதுல பிளாஸ்டிக் குடத்த கவுத்து வச்சு செவப்பு துணி கெட்டியிருக்காங்க, அதுவும் ஊர்க்காரங்க வச்சதுதான்.

இப்படிக்கு,
ஒரு வாடகை வண்டி டிரைவர்,
நாகர்கோவில்.